ஒரே பேருந்து, இரண்டு தொழில்: பெங்களூரில் அலுவலகப் போக்குவரத்தும் சுற்றுலாவும் நடத்தும் முறை

பெங்களூரில் பேருந்து வாங்கித் தொழில் தொடங்க நினைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எலக்ட்ரானிக் சிட்டியிலோ வைட்ஃபீல்டிலோ உள்ள நிறுவனத்துக்கு ஊழியர்களை ஏற்றி இறக்க வேண்டும். சனி, ஞாயிறில் அதே வண்டியை மைசூருக்கோ ஊட்டிக்கோ திருவண்ணாமலைக்கோ அனுப்ப வேண்டும். ஒப்பந்த வருமானம் கடன் தவணையைக் கட்டும். வார இறுதி வருமானம் கையில் நிற்கும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் வண்டி ஏழு நாளும் ஓடலாம், ஒரே ஓட்டுநர் ஏழு நாளும் ஓட்ட முடியாது. இதை முதல் நாளிலேயே செலவுப் பட்டியலில் எழுதாமல் தொடங்கினால், மீதி எல்லாம் சரியாக இருந்தும் தொழில் தடுமாறும். ஒன்று முதல் மூன்று வண்டிகளுடன் தொடங்குபவர்களை மனத்தில் வைத்தே பின்வருபவை எழுதப்படுகின்றன.

எந்த இடம் தனியாருக்கு உரியது

நகருக்குள் நிறுத்தம்தோறும் ஆள் ஏற்றி, தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் கொடுக்கும் தொழில் அரசின் நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யின் கையில் இருக்கிறது. வெளியூர்த் தடங்களில் கர்நாடக அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி.யும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும் நிற்கின்றன. 1976-இல் கர்நாடக அரசு தனிச் சட்டம் இயற்றித் தனியார் ஒப்பந்தப் பேருந்துகளையே கையகப்படுத்தியது. அந்தச் சட்டம் 2003-இல் நீக்கப்பட்ட பின்னரே இந்தத் தொழிலுக்கு வழி விரிந்தது. இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம், இங்கே தனியார் பேருந்து என்பது ஒப்பந்த ஊர்தியாகவே வளர்ந்தது என்பதைக் காட்டத்தான். 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தின்கீழ் கர்நாடகப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அந்தத் தடங்களில் தனியார் வண்டி போட்டியிட நினைப்பது வீண்.

ஆகவே அரசுப் பேருந்து செய்யாததைச் செய்வதே வழி: ஷிப்ட் நேரத்துக்கு நிறுவன வாசலில் இறக்குவது, ஒரு குடும்பத்தையோ கோயில் குழுவையோ பள்ளியையோ மொத்தமாக ஏற்றிக்கொண்டு அவர்கள் சொன்ன இடமெல்லாம் காத்திருந்து திரும்புவது. இதிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வைட்ஃபீல்டுக்கு 2023 அக்டோபரில் மெட்ரோ முழுமையாகச் சென்று சேர்ந்தது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது. அது சில்க் போர்டையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் தொட்டுச் செல்கிறது. ஜெயநகரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஐம்பது இருக்கை வண்டி ஓட்டலாம் என்று இன்று திட்டமிடுபவர், அந்த ஊழியர்கள் ஏற்கெனவே ரயிலில் ஏறிவிட்டார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலக வளாகம் வரை ஓடும் சிறு வண்டிகளுக்கும், மெட்ரோ எட்டாத ஓசூர், அத்திபெலே, சர்ஜாபுரம் பக்கத்துக்கும் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. ஓசூரில் வீடு வாங்கிப் பெங்களூரில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள்.

பர்மிட்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பேருந்துகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஸ்டேஜ் கேரேஜ் வழியில் ஆள் ஏற்றி இறக்கித் தனித்தனிக் கட்டணம் வாங்கலாம். கான்ட்ராக்ட் கேரேஜ் ஒரே ஒப்பந்தத்தின்கீழ் முழு வண்டியாகப் போக வேண்டும். வழியில் ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது. நமக்குக் கிடைப்பது இரண்டாவது. இந்த வேறுபாட்டை வண்டி உரிமையாளர் புரிந்துகொண்டால் மட்டும் போதாது, ஓட்டுநருக்கும் புரிய வைக்க வேண்டும். மாலை டிராப் முடிந்து காலியாகத் திரும்பும் வண்டி சில்க் போர்டில் நிற்கும்போது, ஓசூர் போகும் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஓட்டுநரின் பைக்குள் போகும். பர்மிட் மீறலுக்குச் சட்டத்தின் 192-ஏ பிரிவு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சொல்கிறது. வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த நேரத்தில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பர்மிட் நிபந்தனையைக் காட்டி வழக்காடும் என்பது.

வண்டி மாநில எல்லையான அத்திபெலேயைத் தாண்டப் போகிறது என்றால் அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் எடுத்துவிடுவதே நல்லது. 2023-இல் வந்த புதிய விதிகளின்படி இதை இணையவழியில் பெறலாம். இருக்கை எண்ணிக்கைக்கு ஏற்ற கட்டணத்தை ஒரே இடத்தில் கட்டினால் பிற மாநில எல்லைகளில் தனித்தனியே வரி கட்டி நிற்க வேண்டியதில்லை என்பது விதி; ஆனாலும் சில மாநிலங்கள் தனி வரி கேட்பது உண்டு என்பதால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். மின்சாரப் பேருந்துக்கு இந்தப் பர்மிட் கட்டணம் இல்லை. பெரிய டீசல் பேருந்துக்கு இந்தக் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் வரும் தொகை. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் எல்லை தாண்டுபவருக்கு அந்தந்தப் பயணத்துக்குத் தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்டுவது மலிவாக முடியும். ஓசூர் ஊழியர்களை ஏற்றுபவருக்கோ அத்திபெலேயும், எல்லைக்கு இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள ஜூஜூவாடியும் தினசரி வழி. அங்கே தற்காலிக ஏற்பாடு சரிப்படாது.

இந்தப் பர்மிட் உள்ள வண்டியில் பயணிகள் பட்டியல், புறப்படும் இடமும் சேரும் இடமும் குறித்து, எப்போதும் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாத வண்டியை அதிகாரிகள் ஸ்டேஜ் கேரேஜ் ஓட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். சுற்றுலா பர்மிட்டை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வழக்கமான தடப் பேருந்துபோல் ஓடிய வெளிமாநிலப் பதிவெண் ஆம்னி பேருந்துகளை 2024 ஜூனில் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை தடுத்ததை இத்தொழிலில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வார இறுதியில் சீட்டு சீட்டாக விற்று மதுரைக்கு வண்டி விட ஆசைப்படுபவர்கள் அந்தச் செய்தியை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

மற்றவை வழக்கமானவை. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று புது வண்டிக்கு இரண்டு ஆண்டுகள் செல்லும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இருக்கைக் கணக்கில் கட்டும் காலாண்டு வரி, புகைச் சான்று, காப்பீடு, 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவியுடன் அவசரப் பொத்தான் ஆகியவற்றின் கடைசித் தேதிகளை ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

வண்டி வாங்கும்போது

முதல் வண்டியாகக் குளிரூட்டிய பன்னிரண்டு மீட்டர் சொகுசுப் பேருந்தை வாங்க ஆசை வரும். அந்த ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது. வார நாளில் ஐம்பது பேரை ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லும் நிறுவனங்கள் குறைந்து, பல இடங்களிலிருந்து இருபது, இருபத்தைந்து பேரைக் கேட்பவை கூடிவிட்டன. கோயில் குழுக்களும் திருமண வீட்டாரும் முப்பது பேருக்குள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். 26 முதல் 35 இருக்கை வரையிலான நடுத்தர வண்டி இரண்டு பக்கமும் பயன்படும். ஸ்ரீராம்புரம், அல்சூர் சந்துகளில் திரும்பவும் செய்யும்.

இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டமான சேஸிஸை வாங்கிக் கரூரில் பாடி கட்டுவது நம்மவர்களுக்குப் பழகிய வழி. பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது இருக்கைத் துணியின் நிறத்துக்கு முன்னால் ஏ.ஐ.எஸ். 052 என்ற பேருந்துப் பாடித் தரநிலைக்கு அந்தப் பட்டறை அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று கேட்க வேண்டும். படுக்கை வண்டி என்றால் ஏ.ஐ.எஸ். 119. அங்கீகாரத்துக்குப் பின் உள்ளே கூடுதல் இருக்கை போடுவது, அவசரக் கதவை மறித்துப் பெட்டி வைக்க இடம் அமைப்பது, விளக்கு அலங்காரத்துக்காக மின்கம்பியை இழுத்து ஒட்டுவது ஆகிய மூன்றும் எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் செய்யத் தகாதவை. 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஹைதராபாத் சென்ற வால்வோ பேருந்து மகபூப்நகர் அருகே எரிந்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 அன்று ஹைதராபாத்திலிருந்து பெங்களூர் வந்த படுக்கைப் பேருந்து கர்னூல் அருகே எரிந்து பயணிகள் 19 பேர் இறந்தார்கள். இரண்டும் நம் ஊர்த் தடத்தில் நடந்தவை. இரவுப் பயணம் தொடங்கும் முன் அவசரக் கதவைத் திறந்து மூடிக் காட்டவும், கண்ணாடி உடைக்கும் சுத்தியல் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

பி.எஸ். 6 புகைத் தரநிலையில் வரும் டீசல் வண்டியில் பெங்களூருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. புகைப்போக்கியில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டி கரியைச் சேர்த்து வைத்து, வண்டி சீராகச் சூடேறி ஓடும்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அவுட்டர் ரிங் ரோட்டில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஓட்டுநர் ஷிப்ட் தவறிவிடும் என்று அதைப் பார்க்காததுபோல் ஓட்டுவார். பிறகு இன்ஜின் இழுவை குறைந்து, ஊழியர்களோடு மாரத்தஹள்ளி மேம்பாலத்தில் நின்றுவிடும். விளக்கு எரிந்த அன்றே, டிராப் முடிந்ததும், வண்டியை ஓரமாக நிறுத்தி உற்பத்தியாளர் கையேடு சொல்லும் முறையில் சுத்திகரிப்பை முடிக்க வேண்டும். அப்போது சைலன்சர் கடும் சூடாக இருக்கும் என்பதால் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தக் கூடாது. இந்த வகையில் வார இறுதி நெடுஞ்சாலை ஓட்டம் வண்டிக்கு நன்மையே செய்கிறது.

பழைய வண்டி வாங்குபவர் கடன் பாக்கி, வரிப் பாக்கி, நிலுவை அபராதங்கள் மூன்றையும் இணையத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

நிறுவன ஒப்பந்தம்: காலி ஓட்டத்தை எண்ணுவது

நிறுவனம் விலை கேட்கும்போது, ஊழியர்கள் ஏறும் இடத்திலிருந்து அலுவலகம் வரையிலான தூரத்தைத்தான் காட்டும். நம் வண்டியோ நிறுத்துமிடத்திலிருந்து புறப்பட்டு நிறுத்துமிடத்துக்குத் திரும்புகிறது. ஓர் எடுத்துக்காட்டு. வண்டி சந்தாபுராவில் நிற்கிறது; காலையில் 15 கிலோமீட்டர் காலியாக ஓசூர் போய், ஊழியர்களை ஏற்றிச் சுற்றுவழியோடு 24 கிலோமீட்டரில் எலக்ட்ரானிக் சிட்டியில் இறக்கி, 8 கிலோமீட்டர் காலியாகச் சந்தாபுரா திரும்புகிறது. மாலையிலும் இதே ஓட்டம் தலைகீழாக நடக்கிறது. ஆளோடு 48 கிலோமீட்டர், காலியாக 46 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 90 ரூபாய் என்று வைத்தால், காலி ஓட்டத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு 1,035 ரூபாய். 22 வேலை நாளுக்கு 22,770 ரூபாய். ஒரு கடன் தவணையில் நல்ல பகுதி இப்படிப் புகையாகப் போகிறது.

அதே வண்டியை இரவில் அத்திபெலேயில் நிறுத்தினால் ஓசூருக்குக் காலி ஓட்டம் 8 கிலோமீட்டராகிவிடும். பகலில் நிறுவன வளாகத்திலேயே நிறுத்த இடம் கேட்டு வாங்கினால் நாள் முழுவதற்கும் காலி ஓட்டம் 16 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். மாதம் ஏறத்தாழ 15,000 ரூபாய் மிச்சம். ஆகவே வாடகையைப் பேரம் பேசுவதற்கு முன் நிறுத்துமிடத்தைப் பேரம் பேச வேண்டும். நிறுவனத்தின் போக்குவரத்து மேலாளருக்கு வாடகையில் இருநூறு ரூபாய் ஏற்றித் தருவது கடினம். காலியாகக் கிடக்கும் தரையில் ஒரு வண்டிக்கு இடம் தருவது எளிது.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை சில உண்டு. டீசல் விலை எந்த அளவு ஏறினால் கிலோமீட்டர் வாடகை எவ்வளவு ஏறும் என்ற சூத்திரம். சுங்கக் கட்டணம் யார் தலையில் என்பது. நிறுவனம் திடீரென்று வீட்டிலிருந்து வேலை என்று அறிவித்தால் அந்த மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை நாள் வாடகை என்பது. இந்த மூன்றாவது விதி 2020-க்கு முன் யாரும் கேட்காதது. இரவு ஷிப்டில் பெண் ஊழியர்கள் இருந்தால் காவலர், கண்காணிப்புக் கருவி, முதலில் ஏறுபவரும் கடைசியில் இறங்குபவரும் பெண்ணாக இருந்தால் செய்ய வேண்டிய ஏற்பாடு ஆகியவற்றை நிறுவனமே கேட்கும். காவலரின் சம்பளம் யாருடையது என்பதை நாம் கேட்க வேண்டும்.

பணம் வருவது அடுத்த சிக்கல். டீசல் இன்றே ரொக்கம். பில் தொண்ணூறு நாள் கழித்துத் தீர்க்கப்படும். மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யத்தில் பதிவு செய்துகொண்ட சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, கொடுத்துத் தீர்க்கும்வரை செலவாகக் கழிக்க முடியாது என்று வருமானவரிச் சட்டமும் இறுக்கியிருக்கிறது. பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டுவிட்டால் கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கும். எப்படியானாலும் இரண்டு மாத டீசலுக்கும் சம்பளத்துக்கும் கையில் பணம் இல்லாமல் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

சுற்றுலா: நாள் கணக்கும் வழிக் கணக்கும்

வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்ற விதியும், நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்ற விதியும் வாடிக்கையாளருக்குப் புரியாமலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. சண்டை திரும்பி வந்தபின் நடக்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் கேட்டு வரும் குழுத் தலைவரிடம் பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணே, திருவண்ணாமலை போக வர நானூறு கிலோமீட்டர் சொச்சம்தானே? அதுக்கு எதுக்கு அறுநூறுக்குக் காசு?”

“தம்பி, நீங்க சனிக்கிழமை சாயந்திரம் ஏறி ஞாயித்துக்கிழமை மத்தியானம் இறங்குறீங்க. அது ரெண்டு நாள். நாளைக்கு முந்நூறு மினிமம். நீங்க மலை சுத்துற நேரம் டிரைவர் படுத்துத் தூங்கணும், அந்த வண்டியை நான் வேற யாருக்கும் குடுக்க முடியாதுல்ல?”

இவ்வளவும் முன்பணம் வாங்கும் நாளிலேயே பேசி, டிரிப் ஷீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண்ணைக் குழுத் தலைவரே பார்த்து எழுதட்டும். பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் பேருந்துகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். 14 கிலோமீட்டர் நடந்து முடித்த வயதானவர்கள் அங்கிருந்தும் நடக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லி, ஓட்டுநர் எண்ணையும் வண்டி நிற்கும் இடத்தையும் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் சேர்த்துவிட்டால் அதிகாலைத் தேடல் மிச்சமாகும்.

ஊட்டிப் பயணத்தில் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். 2009 முதல் இதுதான் நடைமுறை. இரவு பத்து மணிக்குப் புறப்படும் வண்டி இரண்டு, மூன்று மணிக்குக் குண்டலுப்பேட்டை சேர்ந்து, விடியும்வரை குழந்தைகளோடு சாலையோரம் நிற்கும். நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குப் புறப்பட்டால் கதவு திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதை பேருந்துக்கு உரியதன்று. கூடலூர், நடுவட்டம் வழிதான். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இ-பாஸ் தேவை. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற உச்சவரம்பும் வந்தது. ஆகவே சீசன் நாளில் பாஸ் கையில் வந்த பிறகே பயணத்தை உறுதி செய்ய வேண்டும். தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக ஏற்றும் குழுவுக்கு, மாவட்ட எல்லையில் அது பறிமுதலாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மைசூர் ஒரு நாள் பயணம் எல்லாவற்றிலும் எளிதாகத் தோன்றும். ஆறு வழிச்சாலை வந்த பிறகு தூரமும் பெரிதில்லை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கிளம்புகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம், சோமநாதபுரம், சாமுண்டி மலை என்று சுற்றி, மாலையில் அரண்மனை விளக்கொளியைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. பெங்களூர் வந்து எல்லோரையும் இறக்கி வண்டியை நிறுத்தும்போது நள்ளிரவு ஆகிவிடும். ஓட்டுநர் பதினெட்டு மணி நேரம் விழித்திருக்கிறார். திங்கள் காலை ஐந்தரைக்கு ஓசூர் பிக்கப்.

ஆண்டின் தேவையைப் பொறுத்தவரை, கார்த்திகை பிறந்ததும் சபரிமலை, அதையொட்டியே மேல்மருவத்தூர்க் குழுக்கள், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, பள்ளிச் சுற்றுலா, தசரா, பொங்கல், தீபாவளி என்று வந்துகொண்டே இருக்கும். ஜூன், ஜூலை மந்தம். பெரிய பராமரிப்பு வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுநர்

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூரத் தடத்தில் அது முறையே பத்தும் 54-உம் ஆகலாம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு, நாளின் வேலை இரண்டு பகுதிக்கு மேல் பிரியக் கூடாது, முதல் பகுதியின் தொடக்கத்துக்கும் கடைசிப் பகுதியின் முடிவுக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பவையும் அதில் உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டாலும், அட்டவணை போட இந்த அளவுகோல்களே இன்றும் கைகொடுக்கின்றன.

இவற்றை அலுவலக ஓட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். காலை ஐந்தரை முதல் ஒன்பதரை வரை, பிறகு மாலை ஐந்து முதல் ஒன்பது வரை. ஸ்டியரிங்கில் இருப்பது எட்டு மணி நேரம்தான். நாளின் நீளமோ பதினைந்தரை மணி நேரம். நடுவில் உள்ள நேரத்தில் ஓட்டுநர் கடைசி இருக்கையில், கண்ணாடியைத் திறந்துவைத்து, வெயிலில் புரண்டுகொண்டிருப்பதை ஓய்வு என்று எழுத முடியாது. நிறுவனத்தில் நிறுத்துமிடம் கேட்கும்போதே மின்விசிறியும் கழிவறையும் உள்ள ஓர் ஓய்வறையையும் கேட்க வேண்டும். முடிந்தால் காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று பிரிக்க வேண்டும்.

இரண்டு வண்டிக்கு மூன்று ஓட்டுநர் என்பது நான் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. மூன்றாமவர் வார இறுதிச் சுற்றுலாவுக்கும் மற்ற இருவரின் விடுப்பு நாளுக்கும் உரியவர். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஓட்டுநரின் மாதச் சம்பளம் குறைவாகவும் வெளியூர் பேட்டா அதிகமாகவும் இருக்கும்வரை, வார இறுதி ஓய்வு அவருக்குத் தண்டனையாகவே தெரியும். வெள்ளி இரவு டிராப் முடித்த கையோடு “நான் நல்லாத்தான் இருக்கேன் சார், ஊட்டிக்கு நானே போறேன்” என்பார். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும்தான் அவரை அப்படிச் சொல்ல வைக்கின்றன. பேட்டாவில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் சேர்த்து, வார நாளில் மட்டும் ஓட்டினாலும் குடும்பம் நடக்கும் அளவுக்கு உயர்த்தினால்தான் அட்டவணை தாளில் எழுதியபடி நடக்கும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஊட்டிக்கு வாடகை சொல்ல வேண்டும். பக்கத்து டிராவல்ஸ்காரர் நான்காயிரம் குறைத்துச் சொல்கிறார் என்றால், அவர் எந்தச் செலவை விட்டுவிட்டார் என்பது நமக்குத் தெரியும்.

இரவுப் பயணத்துக்கு இரண்டு ஓட்டுநர். ஒருவர் ஓட்டும்போது மற்றவருக்குப் படுக்க இடம். சுற்றுலா ஊரில் தங்கும் இரவில் ஓட்டுநருக்கு அறை தர வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வேலைக்கு எடுக்கும்போது கனரகப் பயணியர் ஊர்தி உரிமம் செல்லுபடியாகிறதா என்று இணையத்தில் பார்ப்பதோடு, ஒரு முறை மலைப்பாதையில் அருகில் உட்கார்ந்து செல்ல வேண்டும். இறக்கத்தில் கால் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறாரா, கியரைக் குறைத்து இன்ஜின் பிரேக்கில் இறங்குகிறாரா என்பது கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் தெரியாது.

பராமரிப்பும் கணக்கும்

காலையில் இன்ஜினைப் போட்டதும் காற்றழுத்த முள் ஏறும்வரை வண்டியை நகர்த்தாமல், அந்த நேரத்தில் ஒரு சுற்று நடந்து டயர், சக்கர நட்டு, ஒழுகல், விளக்கு ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போடக் கூடாது, பின்னால் போடலாம். மலைப்பாதை இறங்கி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் கையைக் கொண்டுபோனால் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் சக்கரம் தெரிந்துவிடும். அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது.

கணக்கை வண்டிவாரியாக, அதற்குள் அலுவலகம் தனி, சுற்றுலா தனி என்று எழுத வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாது. டயர், பேட்டரி, காப்பீடு, எஃப்.சி. செலவு ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவைத்தால் செலவு வரும் மாதத்தில் வட்டிக்கு ஓட வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி.யில், நாம் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்வரிச் சலுகையை எடுக்காமல் 5 சதவீதம் என்பது டீசலுக்கு ஜி.எஸ்.டி. இல்லாத இத்தொழிலில் சிறு உரிமையாளருக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். புது வண்டி வாங்கும் ஆண்டில் மட்டும் இரண்டு வழியையும் ஆடிட்டரிடம் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் பில்லில் வரி பிடித்தம் செய்திருந்தால் அது நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒரு முறை சரிபார்ப்பது அவசியம்.

அடுத்த வண்டி எப்போது என்ற கேள்விக்குக் கணக்குப் புத்தகத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். கையிலுள்ள வண்டிகளின் தவணை, டீசல், சம்பளம் மூன்றையும் அலுவலக வருமானம் மட்டுமே தொடர்ந்து ஆறு மாதம் தாங்கியிருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் எந்த ஓட்டுநரும் வார ஓய்வு இல்லாமல் தொடர்ந்து ஓட்டியதாக டிரிப் ஷீட் காட்டக் கூடாது. இரண்டாவது பொருந்தவில்லை என்றால், வண்டிக்கு வைத்திருக்கும் முன்பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முதலில் இன்னோர் ஓட்டுநரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.